தூரமோ?

அண்ணையிடம் எதையும் கேட்கலாம். சம்பளம் கேட்கலாம், வயது கேட்கலாம், தலைக்கு மை பூசுகிறீர்களா என்றுகூடக் கேட்கலாம். சிரித்துக்கொண்டே பதில் சொல்வார். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டிய பிறகு மட்டும் "எங்க போறியள்?" என்று கேட்கக் கூடாது. கேட்டால் ஒரு சொல் பேசாமல் திரும்பி வீட்டுக்குள் போய், கதிரையில் அமர்ந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு, முதலிலிருந்து புறப்படுவார்.

எங்கள் ஆட்களுக்கு இது புதிது இல்லை. என் வீட்டிலும் அந்தப் பழக்கம் இருந்தது. புறப்பட்டுப் போகிறவரை எங்கே என்று கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும் என்பார்கள். கேட்காமல் இருக்கவே முடியாதென்றால் "தூரமோ?" என்று கேட்பார்கள். விருப்பமென்றால் போகிறவர் இடத்தைச் சொல்வார். சுவிசுக்கு வந்த பிறகு நாங்கள் எல்லாரும் அதைக் குளிர்ச்சட்டையின் எந்தப் பைக்குள்ளோ போட்டுத் தொலைத்துவிட்டோம். அண்ணை மட்டும் அதை நாட்டுச் சட்டம் போலக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

பீல் நகரில் அவர் இருந்த கட்டடத்துக்கு நான் குடிவந்த முதல் கிழமை, பேருந்துத் தரிப்பில் அவரைக் கண்டேன். ஒரு தமிழ் முகம். மரியாதைக்கு, "அண்ணை, எங்க, வேலைக்கோ?" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். திரும்பி நடந்து, மூன்றாம் மாடிக்கு ஏறிப் போனார். பேருந்து வந்தது, நான் ஏறாமல் பார்த்துக்கொண்டு நிற்க, போனது. பிறகு ஆறுதலாக இறங்கி வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார்.

"தம்பி, இனிமேல் கேக்கிறதெண்டால் தூரமோ எண்டு கேளும்" என்றார்.

"தூரமோ அண்ணை?"

"இல்லை. மணிக்கூட்டுத் தொழிற்சாலை. அங்காலதான்."

இப்படி ஒரு மனுசன் இந்த நாட்டில் எப்படிச் சீவிக்கிறார் என்று எனக்கு யோசனையாக இருந்தது. சீவிக்க வழி வைத்திருந்தார். டாக்சியில் ஏறியதே இல்லை, ஏறினவுடன் அந்தக் கேள்விதானே வரும். ரயில் நிலையக் கவுண்டரிலும் அதைத்தான் கேட்பார்கள் என்று, நாடு முழுக்கப் போகக்கூடிய வருடச் சந்தா அட்டை எடுத்து வைத்திருந்தார். அவர் ஒழுங்காகப் போய்வந்தது தொழிற்சாலைக்கும் திரிம்பாக் கோவிலுக்கும்தான். தொழிற்சாலை மேற்பார்வையாளர், ஒரு நல்ல சுவிஸ்காரர், இவர் பத்துமணி இடைவேளைக்கு எழும்பும்போது கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்கப் பழகிவிட்டாராம்.

இதற்குப் பின்னால் ஏதோ பெரிய துயரம் இருக்க வேண்டும் என்று எங்களுக்குள் பலவிதமாகக் கதைத்துக்கொண்டோம். யாரோ கேட்டு யாரோ திரும்பி வராமல் போன கதை ஒன்று கட்டாயம் இருக்கும், எங்கள் ஊரில் அதற்கா பஞ்சம். ஒருநாள் நானே நேரே கேட்டுவிட்டேன். அவர் கதிரையில் இருந்ததால் கேட்க முடிந்தது.

"ஒண்டுமில்லையடாப்பா" என்றார். "கேக்கக் கூடாதெண்டு அம்மா சொன்னவா. அவ்வளவுதான். நான் வெளிநாட்டுக்கு வெளிக்கிட்ட அண்டைக்கும் அவ கேக்கேல்லையே. எந்த நாட்டுக்குப் போறனெண்டு எனக்கும் தெரியாது, அவவுக்கும் தெரியாது. வாசல் படலையில நிண்டவா. கேட்டுப்போடுவன் எண்ட பயத்தில சீலைத் தலைப்பால வாயைப் பொத்திக்கொண்டு நிண்டவா."

அதற்குப் பிறகு அவர் அம்மாவைப் பார்க்கவில்லை. அவரிடம் இருந்தது அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் புத்தகம். எல்லா நாடுகளுக்கும் போகலாம், சிறிலங்காவைத் தவிர என்று அதில் போட்டிருக்கும். அம்மா இருக்கும் ஒரே நாடு அதுதான். 2009இல் சண்டை முடிந்து பாதை திறந்த பிறகு, பிரஜாவுரிமை எடுத்தவர்கள் எல்லாரும் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய், கறுத்துப்போய் வந்து, மாம்பழத்தின் ருசி பற்றிக் கதைத்தார்கள். அண்ணை கேட்டுக்கொண்டிருப்பார். வடமராட்சியில் தங்கையோடு இருந்த அம்மாவுக்கு ஞாபகம் மங்கிக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணை தொலைபேசி எடுப்பார். முதலில் "ஆர், தம்பியோ?" என்று கேட்ட அம்மா, பிறகு "ஆர் கதைக்கிறது?" என்று கேட்கத் தொடங்கினார். அம்மா முழுக்க மறந்துபோவதற்குள் சுவிஸ் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு போய் முன்னால் நிற்க வேண்டும். அண்ணைக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

பிரஜாவுரிமை நேர்முகத்தில் அவரை நிறுத்திவைத்துவிட்டார்கள். பாசை சரி, வேலை சரி, வரி சரி. "இந்தப் பகுதியில் எங்கெல்லாம் நடக்கப் போயிருக்கிறீர்கள்? எந்த மலை, எந்தப் பள்ளத்தாக்கு?" என்று கேட்டிருக்கிறார்கள். அண்ணை பேருந்துத் தரிப்பைத்தான் சொன்னாராம். சுற்றுவட்டாரத்தை இன்னும் அறிந்துகொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"போனதெண்டு சொல்லியிருக்கலாமே அண்ணை. ஆர் பாக்கப்போகினம்?" என்றேன்.

"பொய் சொல்லிப் பாஸ்போட் எடுத்து அம்மாட்டப் போறதோ?" என்றார்.

அதனால்தான் அந்தக் கோடையில் பத்துப் பேரளவில் நடக்கப் போனோம். நொஷாட்டல் பக்கம், மலையைப் பிளந்துகொண்டு போகும் ஒடுங்கிய பள்ளத்தாக்கு ஒன்று இருக்கிறது. அதன் முடிவில் பாறைக்குள்ளிருந்து ஓர் ஊற்று வருகிறது, எந்த வெயிலிலும் வற்றாதது, பனிக்கட்டி போலக் குளிர்ந்தது என்று நான்தான் சொல்லிவைத்தேன். நொஷாட்டலில் ஒரு ஹோட்டல் சமையலறையில் எனக்கு வேலை, கூட வேலை செய்தவர்கள் சொல்லித் தெரியும். அண்ணையின் மனைவியை நாங்கள் அக்கா என்போம். அவர் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு வந்தார். பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் மனைவியோடு வந்தார். மற்றவர்கள் கோவிலில் பழக்கமானவர்கள். பெண்கள் சிலர் சேலையும் ஓடுகிற சப்பாத்துமாக வந்தார்கள்.

அந்த வருடம் மழையே இல்லை. பள்ளத்தாக்கில் ஆறு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைக் கல்லுத்தான் கிடந்தது. இரண்டு பக்கமும் சுண்ணாம்புப் பாறை நிமிர்ந்து நின்று, வெயிலை வாங்கி எங்கள் தலையில் கொட்டியது.

"உது மணற்காடு மாதிரியெல்லோ கிடக்கு" என்றார் கடைக்காரர். "உதில நடக்கத்தானோ பிளேன் ஏறி வந்தனாங்கள்?"

பாதை தொடங்கும் இடத்தில் மஞ்சள் வழிகாட்டிப் பலகை நின்றது. அதன் கீழ் எங்களை இருத்தி, எல்லாருக்கும் ஒவ்வொரு மிடறு தண்ணீர் கொடுத்து, "இதுதான் வெளிக்கிட்ட இடம்" என்று அண்ணை அறிவித்தார். நான் பாதையில் எதிரே யாரும் வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தேன். ஏனென்றால் இந்த நாட்டில் தெருவில் முகம் பார்க்காத சனம், மலைப்பாதையில் கண்டால் வணக்கம் சொல்லும். வணக்கம் சொல்லிவிட்டு அடுத்ததாக என்ன கேட்கும் என்று எனக்குத் தெரியும்.

கொஞ்சத் தூரம் போனதும் ஒரு வயதான சோடி எதிரே வந்தது. சேலைகளைப் பார்த்து முகம் மலர்ந்து, பிரெஞ்சில் அதைக் கேட்டார்கள். எங்களில் பிரெஞ்சு தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"என்னவாம்?" என்றார் அண்ணை.

அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல எனக்கு வரவில்லை. "எங்க போறியள் எண்டு கேக்கினம்" என்றேன்.

பத்துப் பேரும் திரும்பினோம். மஞ்சள் பலகையின் கீழ் இருந்தோம், குடித்தோம், எழும்பினோம். அதே வளைவில் ஒரு நாய்க்காரர் வந்தார். அவரும் கேட்டார். நாய் மட்டும்தான் கேட்கவில்லை. மறுபடியும் மஞ்சள் பலகை. மூன்றாவது தடவை புறப்படும்போது கடைக்காரர் புறப்பட மறுத்தார்.

"அண்ணை, இப்பிடிப் போனால் ஊற்றைக் காணமாட்டம். இந்தப் பலகையைத்தான் பாடமாக்கிக்கொண்டு போய் நேர்முகத்தில சொல்லவேணும்."

அண்ணை நியாயம் தெரியாதவர் இல்லை. யோசித்தார். யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னார். "கடைசியா எந்த இடத்தில இருந்து தண்ணி குடிச்சமோ, அதுதான் வெளிக்கிட்ட இடம். அதுமட்டும் திரும்பிப் போனால் காணும்."

எல்லாருக்கும் பெரிய ஆறுதல். அப்படியென்றால் அடிக்கடி இருந்து குடித்துக்கொண்டு போவதுதானே புத்தி? திரும்ப வேண்டி வந்தாலும் தூரம் குறைவு. ஒவ்வொரு வளைவிலும் இருந்தோம், ஒவ்வொரு வளைவிலும் குடித்தோம். சேலைக்காரப் பெண்கள் கல்லைக் கண்டாலே இருந்தார்கள். பள்ளத்தாக்கு முழுக்க நாங்கள் எழும்புவதும் இருப்பதுமாகத் தோப்புக்கரணம் போட்டுக்கொண்டு போனோம்.

இரண்டாவது தீர்ப்பை அக்கா கேட்டு வாங்கினார். "விளங்காத பாசையில கேட்டால் கேட்டதில சேருமோ?"

"விளங்காட்டில் சேராது" என்றார் அண்ணை.

உடனே என்னைக் கடைசி வரிசைக்குத் தள்ளிவிட்டார்கள், இனிமேல் யார் கேட்பதும் என் காதில் விழக் கூடாதென்று. பிரெஞ்சில் ஒரு சொல் மட்டும் தெரிந்த கடைக்காரரை முன்னுக்கு விட்டார்கள். யார் எதிரே வந்து எதைச் சொன்னாலும் அவர் இரண்டு கையையும் கூப்பி, "மெர்சி, மெர்சி" என்றார். சனம் குழம்பிப்போய் விலகி வழிவிட்டது. ஒரு பெண் அவருக்கு ஆப்பிள் ஒன்று கொடுத்துவிட்டுப் போனாள்.

இப்படியே நன்றாகத்தான் போனது. பள்ளத்தாக்கு முடிந்து காடு தொடங்கியது. அடுத்த மஞ்சள் பலகையில் ஊற்றின் பெயரும் கால்மணி நேரம் என்றும் போட்டிருந்தது. அண்ணை அதைக் கண்டதும் நடையை எட்டிப் போட்டுக் கடைக்காரரையும் முந்திவிட்டார். கொஞ்சம் போக, பாறைக்குப் பின்னால் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. திரும்பி எங்களைப் பார்த்த அண்ணையின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முதல் பார்த்ததில்லை. அந்த நேரம் பார்த்து, மேலிருந்து தடியூன்றிக்கொண்டு கணவனும் மனைவியுமாக இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். சூரிச் பக்கத்து ஆட்கள். சிரித்துக்கொண்டு, சுத்தமான சுவிஸ் ஜேர்மனில், எங்கே பயணம் என்று கேட்டார்கள். தொழிற்சாலையில் அத்தனை வருடம் அந்தப் பாசையில் குப்பை கொட்டிய அண்ணைக்கு அதை மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை.

அவர் நின்றார். திரும்பினார். நாங்கள் கடைசியாக இருந்து எழும்பிய மரக்குற்றி பக்கத்தில்தான் கிடந்தது. அதில் போய் இருந்து, கையை நீட்டினார்.

"தண்ணி."

பத்துப் போத்தல்களையும் கவிழ்த்துப் பார்த்தோம். ஒரு சொட்டு இல்லை. வளைவுக்கு வளைவு இருந்து குடித்துத் தீர்த்துவிட்டோம். தேநீர்ப் பிளாஸ்கும் காலி. தண்ணீர் குடிக்காமல் அவர் புறப்படமாட்டார். புறப்படாமல் ஊற்றுக்குப் போக முடியாது. தண்ணீரோ ஊற்றில்தான் இருக்கிறது. சத்தம் கேட்கிற தூரத்தில். எங்களில் ஒருவர் போய் எடுத்து வரலாமென்றால், கேட்டது எங்கள் எல்லாரையும் சேர்த்துத்தானாம்.

கேட்ட பாவத்துக்கு அந்தச் சுவிஸ் சோடியும் போகாமல் நின்றது. மனிதருக்கு மயக்கம் என்று நினைத்து, மீட்பு ஹெலிகொப்டரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம், தண்ணீர் இருந்தால் போதும் என்றேன். அவர்களிடம் தண்ணீர் இல்லை. பையிலிருந்து நொஷாட்டல் ஏரிக்கரைத் திராட்சையில் செய்த வெள்ளை வைன் போத்தல் ஒன்றை எடுத்து நீட்டினார்கள்.

"வைனிலயும் கனக்க இருக்கிறது தண்ணிதானே அண்ணை" என்றார் கடைக்காரர்.

அண்ணை தலையை ஆட்டி மறுத்துவிட்டார். "தண்ணியெண்டால் தண்ணி."

எனக்குக் கோபம் வந்தது. வெயில், பசி, புதுச் சப்பாத்து கடித்த கால். "அண்ணை, எழும்பி நாலு அடி வையுங்கோ. அம்மாவைப் பாக்கிறதோ, இந்த மரக்குற்றியில குடியிருக்கிறதோ?" என்று கத்திவிட்டேன். அவர் ஊற்றுச் சத்தம் வந்த பக்கம் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. அவருக்கு எழும்பக் கால் துடித்தது எனக்குத் தெரிந்தது. ஆனால் அம்மாவிடம் போகிற காரியத்தில், அம்மா சொன்னதை மீறி எப்படி எழும்புவது?

சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டு பின்தங்கிய அக்கா அப்போதுதான் வந்து சேர்ந்தார். நடந்ததைக் கேட்டார். தேநீர்ப் பிளாஸ்கை என் கையிலிருந்து பறித்தார்.

"நீங்கள் இருங்கோ. என்னை ஒருத்தரும் கேக்கேல்ல" என்றார்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போய், ஊற்றில் பிளாஸ்கை நிரப்பிக்கொண்டு வந்தார். அந்த இரண்டு சுவிஸ்காரரும் உட்பட எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அண்ணை ஊற்றுக்குப் போவதற்காக ஊற்றுத் தண்ணீரைக் குடித்தார். பல்லுக் கூசி முகத்தைச் சுளித்தார். எழும்பினார். போனார்.

ஊற்று சின்னதுதான். பாறையிலிருந்து வந்து, ஒரு மரத்தொட்டியில் விழுந்து, கல்லுகளுக்குள் மறைந்துபோனது. அண்ணை குனிந்து முகம் கழுவினார். கனநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உது எங்க போகுதோ தெரியாது" என்றார்.

"அதிட்டையும் கேக்கப்படாது அண்ணை" என்றார் கடைக்காரர். பிறகு ரோல்ஸ் சாப்பிட்டோம். ஆறிப்போயிருந்தாலும் அந்த ரோல்சின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

இரண்டாம் நேர்முகம் முடிந்து வந்து எனக்கு விபரம் சொன்னார். ஊற்றைப் பற்றி மட்டுமல்லாமல், திரும்பித் திரும்பிப் போனது, வைன், பிளாஸ்க் எல்லாம் சொல்லியிருக்கிறார். ஒரு அம்மையார் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாராம். கடைசியில் ஒருவர், பாஸ்போர்ட் கிடைத்தால் முதலில் எங்கே போவீர்கள் என்று கேட்டாராம்.

நான் தலையில் கையை வைத்தேன். "ஐயோ! பிறகு?"

"பிறகென்ன? நான் கதிரையில இருந்தனான். வெளிக்கிடேல்லத்தானே. கேக்கலாம்."

"என்ன சொன்னியள்?"

"அம்மாட்ட எண்டன்."

பாஸ்போர்ட் வந்தது. அண்ணையை வழியனுப்ப சூரிச் விமான நிலையத்துக்கு அக்காவோடு நானும் போனேன். கவுண்டரில் கேட்டுவிடுவார்கள் என்று, அக்கா பெட்டியை இயந்திரத்தில் பதிய வைத்தார். இயந்திரமும் எங்கே போகிறீர்கள் என்று திரையில் கேட்டது. அண்ணை என்னைப் பார்த்தார், நான் அக்காவைப் பார்த்தேன்.

"எழுத்தில கேட்டால் சேராது" என்றார் அக்கா. அண்ணை ஒத்துக்கொண்டார்.

மூன்று கிழமை விடுமுறை, அண்ணை தனியாகத்தான் போனார். போன இடத்தில் அம்மா அவரை யாரென்று அறியவில்லை. அக்கா சொல்லித்தான் கேள்விப்பட்டேன். கிணற்று மோட்டர் திருத்த வந்த ஆள் என்று நினைத்துக்கொண்டாராம். "வாரும் ஐயா, ஏன் இவ்வளவு நாளும் வரேல்ல?" என்று பேசினாராம். அண்ணையும் மோட்டரைக் கழற்றித் திருத்திக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு நாள் பின்னேரமும் அம்மா அவரிடம், "நாளைக்கும் வந்து ஒருக்காப் பாத்துவிடும்" என்று சொல்வாராம்.

அவர் திரும்பி வருகிற நாள் நானும் அக்காவும் விமான நிலையத்தில் காத்து நின்றோம். ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கதவு திறந்து திறந்து மூடி, கடைசியில் திறக்காமலே நின்றுவிட்டது. அக்கா தொலைபேசி எடுத்தார். நான் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டிவைத்தார். அந்தப் பக்கத்தில் காகங்கள் கத்தின.

"எங்க நிக்கிறியள்?"

"வீட்டிலதான்."

"ஏனப்பா, என்ன நடந்தது?"

"அம்மா கேட்டுப்போட்டா" என்றார் அண்ணை.

அவரே சொன்னார்.

"வான் வாசலில நிண்டது. பெட்டியைத் தூக்கினனான். அம்மா கதிரையில இருந்து என்னைப் பாத்துக்கொண்டே இருந்தவா. பாத்திட்டு, 'தம்பி, எங்கயடா போறாய்?' எண்டா. வந்து இருந்து தண்ணி குடிச்சன். திரும்ப எழும்பினன். திரும்பவும் கேட்டா. வான்காரன் ஹோண் அடிச்சு அடிச்சுப் பாத்திட்டுப் போட்டான்."

எனக்குப் பொறுக்கவில்லை. தொலைபேசியை வாங்கினேன். "அண்ணை, அவவுக்கு மறதி. முதல் கேட்டதை மறந்துபோய்த்தான் திரும்பத் திரும்பக் கேக்கிறா. உங்கட வேலை என்ன ஆகிறது? பின்பக்கத்தால எண்டாலும் வெளிக்கிட்டு வந்திருக்கலாமே?"

"மோட்டர் திருத்த வந்தவனை எங்கயடா போறாய் எண்டு ஆரும் கேப்பினமோ, தம்பி?" என்றார். "அண்டைக்குப் படலையில வாயைப் பொத்திக்கொண்டு கேக்காமல் விட்டவா. இப்பதான் கேக்கிறா."

நான் தொலைபேசியை அக்காவிடம் கொடுத்துவிட்டேன். அக்கா அதைக் காதில் வைத்துக்கொண்டு, மூடிக்கிடந்த கதவைப் பார்த்தபடி கேட்டார்.

"கடைசியாக் கேட்டதுக்குத் தண்ணி குடிச்சியளோ?"

"ஓம்."

"அப்ப இருங்கோ. நான் வாறன்" என்றார் அக்கா.